வாயில் நட்டு வைத்திருந்தவர்

அவர் வாயில் நட்டு இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலகரத்துக்காரர்கள் அவருடைய சைக்கிள் கடைக்குள் கால் வைப்பார்கள். நட்டு இல்லையென்றால் விட்டுப்போன சைக்கிள் தேறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு உதட்டுக்கும் நடுவில் ஒரு நட்டு மினுங்கிக்கொண்டிருந்தால் வண்டியில் ஏதோ சரியில்லை. அப்போது என்ன கேட்டாலும் "ம்... ம்..." தான் வரும். புதிதாக வருகிறவர்கள், கைவேலையாக இருக்கிற மனுஷன், வைக்க இடமில்லாமல் வாயில் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் காலடியிலேயே நட்டுப் போடுகிற டப்பா மூன்று கிடக்கும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் அவர் கடை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுவாரத்திலிருந்து, வாசல் நடையில் உட்கார்ந்து மடியில் சுளகை, முறம் என்பார்களே அதை, வைத்துப் பீடி சுற்ற ஆரம்பித்தேன். பீடி சுற்றுகிறவளுக்குக் கைக்குத்தான் வேலை, கண்ணும் காதும் சும்மாத்தான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் அவற்றுக்கு வேலை கொடுத்தது அந்தக் கடைதான். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஊருக்கே அவர் அண்ணாச்சியாக இருந்தார், இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடை திறப்பார். பத்து மணிக்குள் வேர்வையைத் துடைத்துத் துடைத்து அந்தத் திருநீறு கறுத்துவிடும். மத்தியானம் பார்த்தால் நெற்றியில் கிரீஸ்தான் பட்டையாக இருக்கும். "அண்ணாச்சி எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வாரிய?" என்று எதிர்க்கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். சிரித்துக்கொள்வார். யாரையும் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

சொல்லமாட்டார் என்பதுதான் அவர். ஒருவரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல அந்த மனுஷனால் முடியாது. "இல்லை" வராது, "ஆகாது" வராது, "தெரியாது" கூட வராது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வைத்திருந்தார்: "பாத்துக்கிடலாம்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற சொல்தான் இது. பந்தியில் சோறு பத்துமா என்று கேட்டாலும் பாத்துக்கிடலாம், மழை வந்துவிடுமோ என்றாலும் பாத்துக்கிடலாம். ஆனால் அண்ணாச்சி சொல்வதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு தடவை சொன்னால் சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு தடவை சொன்னால் அந்தச் சாமானை மறந்துவிட வேண்டியதுதான்.

இலஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு டிராயிங் வாத்தியார் வருவார். ஒரு நாள் நடுக்கம்பி விரிசல் விட்ட சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, பத்தவச்சா நின்னுரும்லா?"

அண்ணாச்சி விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். "பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம்."

வாத்தியாரின் முகம் தொங்கிவிட்டது. "என்ன வே, ரெண்டு தடவை சொல்லிட்டீரு! ஒரு தடவையோட நிப்பாட்டக் கூடாதா?"

அந்தக் கணக்கு எங்கள் தெருப் பேச்சிலேயே ஏறிவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், "பொண்ணு வீட்டுல என்ன சொன்னாக?" என்று கேட்டால், "ரெண்டு தடவை சொல்லிட்டாக" என்பார்கள். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும். நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அது ரொம்பப் பிடிக்கும். ராச்சாப்பாட்டுக்குக் குழம்பு இருக்கா என்று என்னிடம் கேட்டுவிட்டு, "ஒரு தடவையாட்டி, ரெண்டு தடவையா?" என்பார்.

இந்தக் கணக்கில் சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது என்பது இலத்தூர் விஷயத்தில் தெரிந்தது. இலத்தூரில் வாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு எங்கள் தெருவில். ஒரு காலையில் அவளுடைய அண்ணன் திடீரென்று தவறிப்போனார். போன் ஏது அப்போது? ஆட்கள் எல்லாம் வீட்டில் வேலையாக நிற்க, சைக்கிள் கடைக்காரர்தானே, ஒரு மிதி மிதித்துச் சொல்லிவிட்டு வரட்டும் என்று அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். போனார். ஒன்றரை மணி நேரத்தில் திரும்பியும் வந்தார். கடையைத் திறந்து, ஒரு நட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் வரக் காணோம். சாயங்காலம் பீடிக்கடைக்கு வந்த இடத்தில் யாரோ துக்கம் விசாரிக்கப் போய்த்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. ஓடி வந்தாள். எடுத்துக்கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் அவளுடைய சித்தப்பா கடை வாசலில் வந்து நின்று கத்தினார். "போனீருல்லா? போயி என்னத்த வே செஞ்சீரு?"

அண்ணாச்சி தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் புள்ள என்னயப் பாத்ததும் சிரிச்சிக்கிட்டே மோர் கொண்டாந்து குடுத்துது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? அதோட மாப்ள சைக்கிள்ல செயின் காஞ்சு கெடந்துது. எண்ணெ விட்டுட்டு வந்துட்டேன்."

அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது. இப்படிச் சொல்கிறவனை எப்படி அடிப்பது? பக்கத்தில் நின்றவர்கள் கூட, "பாவம், எளகின மனசு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் போனவள் என்ன நினைத்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பேச்சில் இப்படியென்றால் வேலையில் அவருக்கு ஒளிவு மறைவே கிடையாது. சைக்கிளில் மிதி கனக்கிறது என்று யாராவது வந்தால், முதலில் சைக்கிளைத் தொடமாட்டார். "ஒரு எட்டு ஓட்டிட்டு வாங்க" என்பார். ஆள் போய்த் திரும்பி வருகிறவரை முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பெடலின் அருகில் இருக்கிற பெரிய பல்சக்கரத்தை அவர் அநேகமாக மாற்றமாட்டார். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற சின்னப் பல்சக்கரம், ஃப்ரீவீல் என்கிறார்களே, அதில்தான் அவருடைய சூட்சுமம். அதில் பல் கூடினால் மிதி லேசாகும், வண்டி மெதுவாகப் போகும். பல் குறைந்தால் வண்டி பறக்கும், ஆனால் ஏற்றத்தில் தொடை கிழியும். குற்றாலத்துக்குச் சுமை ஏற்றுகிறவனுக்கு ஒரு பல், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவனுக்கு ஒரு பல், தொப்பை விழுந்த கிளார்க்குக்கு ஒரு பல். கேட்டதை மாட்டமாட்டார். "பல்லு நம்ம இஷ்டமில்ல. காலு கேக்குதத மாட்டணும்" என்பார். இதை மட்டும் யாரிடமும் தைரியமாகச் சொல்வார்.

என் வீட்டுக்காரர் குற்றாலத்துக்கு எண்ணெய் கொண்டுபோகிறவர். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டும். தென்காசியில் மில்லில் பிடித்து, கேரியரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டின் கட்டி, நேரே ஐந்தருவிக்கு ஏறி அங்கே ஒரு டின், திரும்பும் வழியில் மெயின் அருவியில் ஒரு டின் இறக்கிவிட்டு வருவார். சீசன் என்றால் ஒரு நாளைக்கு மூன்று நடை. சாரல் மழை முகத்தில் அடிக்க, தூரத்தில் வரும்போதே எனக்கு அந்த எண்ணெய் வாடை வந்துவிடும். ஊரில் அவர் காலைப் பற்றித்தான் பேச்சு. "ஐந்தருவி ஏத்தத்துல ரெண்டு டின்னோட இறங்காம மிதிக்கது உன் மாப்ள ஒருத்தன்தான்ட்டி" என்று பீடிக்கடையில் என்னிடமே சொல்வார்கள். எனக்கும் பெருமைதான்.

அண்ணாச்சி என்னைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் இவரை மாப்ள என்பார். இவருடைய சைக்கிளை மாதம் ஒருமுறை அவரே பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். சர்வீஸ் முடிந்து ஏறி உட்கார்ந்தால், "ஏட்டி, அண்ணாச்சி கை பட்டா சைக்கிளு தானா ஓடுதுட்டி" என்று இவர் அங்கே இருந்தே கத்துவார். அண்ணாச்சி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெ விட்டிருக்கேன் மாப்ள, லேசாத்தான் இருக்கும்" என்பார். அப்போது அவர் வாயில் நட்டு இருந்ததா? எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை இருந்தது என்றுதான் ஞாபகம்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அது என்னைச் சேர்ந்தது. இவருடைய இடதுகால் செருப்பு அடிக்கடி தொலைந்துவிடும். வலதுகால் செருப்போடு வந்து நிற்பார். "எங்கன விழுந்துதுன்னே தெரியலட்டி" என்பார். "காலுல கெடக்கது கழந்தா தெரியாதா? அப்படி என்னத்தப் பராக்கு பாக்கிய?" என்று வாய்க்கு வந்தபடி பேசுவேன். ஒரே வருஷத்தில் மூன்று செருப்பு. மூன்றும் இடது. சிரிப்புக்கு இடமாக இருந்ததே தவிர, சந்தேகத்துக்கு இடமாக எனக்குத் தோன்றவில்லை.

எண்பதுகள் முடியப்போகிற சமயத்தில் அந்தக் கியர் சைக்கிள் வந்தது. கடையநல்லூரில் ஒரு வீட்டுப் பையன் துபாயில் வேலை பார்த்துவிட்டு வரும்போது கொண்டுவந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிளாம், யானைக்குட்டி மாதிரி தடித்த டயரும் நேரான ஹேண்டில்பாருமாக இருக்கும். பழசாகி, செயின் அறுந்து, கொல்லையில் கோழி அடைகிற இடத்தில் கிடந்திருக்கிறது. அண்ணாச்சி அதைக் கேட்டு வாங்கி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்துவிட்டார். என்ன நினைத்துக் கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஊரே வேடிக்கை பார்த்தது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஐந்து, அடுக்கு அடுக்காக.

பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். முன்னால் இருந்த மூன்றில் பெரியது வளைந்துபோயிருந்தது. சின்னதுக்கு மாற்றுகிற லீவர் உடைந்திருந்தது. இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் வைத்தார், முப்பத்தெட்டுப் பல், நம் ஊர்ச் சைக்கிளில் இருப்பதைவிடக் குறைவு. பின்னால்தான் சிக்கல். நம் ஊர்ச் செயின் தடிமன். அந்த ஐந்து சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நெருக்கம், ஒன்றில் செயின் ஓடினால் பக்கத்துச் சக்கரத்தில் உரசி இரைந்தது. அந்த மெல்லிய செயினுக்குத் திருநெல்வேலி வரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். கடைசியில் ஒரு யோசனை பண்ணினார். ஐந்தில் இரண்டைக் கழற்றிவிட்டு, இடையில் வாஷர் கொடுத்து மூன்றாக்கினால் செயினுக்கு வழி கிடைத்துவிடும். எந்த இரண்டைக் கழற்றுவது, எந்த மூன்றை வைப்பது?

அதற்குத்தான் நாலைந்து நாள் ஆனது. சாக்கை விரித்து ஐந்து சக்கரங்களையும் வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, முறுக்கு சுடுதீயளா?" என்று இங்கேயிருந்து சத்தம் கொடுத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பெரிய சக்கரத்தை, இருபத்தெட்டுப் பல், உடனே எடுத்து ஒதுக்கிவைத்தார். அது வேண்டும் என்று தெரிந்தது. இருபத்திரண்டையும் சேர்த்தார். மூன்றாவதாகப் பதினாறை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சாக்கில் போட்டார். ஒரு நட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தேன், பதினாறு வண்டியில் ஏறியிருந்தது.

வண்டி தயாரானதும் ரோட்டைக் கடந்து எங்கள் வாசலுக்கே உருட்டிக்கொண்டு வந்தார்.

"மாப்ள, இத ஓட்டிப் பாத்துச் சொல்லணும். ஏத்தத்துல எப்படி இருக்குன்னு உங்களால்தான் சொல்ல முடியும்."

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "துபாய்ச் சைக்கிள்ல எண்ணெ டின்னா? அண்ணாச்சி, அருவிக்கரையில படம் புடிப்பாகளே!"

அண்ணாச்சி லீவரைக் காட்டினார். "இங்கன தள்ளுனா லேசு. ஏத்தத்துக்கெல்லாம் இதுலயே போங்க. நடுவுல இது." லீவரை ஓரத்துக்குத் தள்ளினார். "கடைசி இது. முன்னால பல்லு கம்மிங்கதால, உங்க பழைய சைக்கிள்ல மொதமொத இருந்துதுல்லா, அந்தக் கணக்கு அப்படியே வரும்."

"மொதமொதன்னா?"

"மொதல்ல இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

ஒரு மாதம் இவர் ராஜா மாதிரி போய் வந்தார். ஏற்றம் இறக்கம் எல்லாம் முதல் லீவர்தான். ஆனி பிறந்து சாரல் கட்டியது. ஒரு காலை, இரண்டு டின்னும் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னைப் பார்த்து, "ஏட்டி, இன்னைக்கு நம்ம பழைய கணக்குல ஐந்தருவி ஏறப் போறேன். எவன் எவன் பாக்கான்னு பாப்போம்" என்று லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தார். மிதித்து வரவில்லை. உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு டின் நசுங்கி, கேரியரெல்லாம் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. இடதுகாலில் செருப்பு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நடையில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் வைத்தார். ஒரு சாமானைத் தூக்கி வைக்கிற மாதிரி.

"ஏத்தத்துல பாதியில நின்னுட்டுட்டி."

"செயினா?"

"சைக்கிள்ல ஒண்ணுமில்ல." அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் காலு மிதிக்கல. மிதின்னு சொல்லுதேன், அது மிதிக்கல."

எதிரே பார்த்தேன். அண்ணாச்சி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாயில் நட்டு.

தென்காசி டாக்டர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையில் முதுகில் ஊசி வழியாக மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். முதுகுத்தண்டுக்குள் ஒரு கட்டி, நரம்பை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அங்கேயிருந்த டாக்டர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"கால்ல பலம் குறைய ஆரம்பிச்சது எப்ப?"

"இந்த மாசந்தான் சார்" என்றார் இவர்.

"செருப்பு கழண்டு கழண்டு விழும்" என்று நான் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு எனக்குத் தெரியவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. மளமளன்னு வளர்ந்த கட்டியா, மெதுவா வளர்ந்ததான்னு எங்களுக்குத் தெரியணும்."

மறுநாள், யாரும் கூப்பிடாமல், ஒரு மஞ்சப் பையோடு அண்ணாச்சி வந்து நின்றார். டாக்டர் மேஜை மேல், கம்பியில் கோத்த மூன்று ஃப்ரீவீலை எடுத்து வைத்தார். டாக்டர் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

அண்ணாச்சியின் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. வாய் திறக்கச் சிரமப்பட்டது. "இது பதினெட்டுப் பல்லு. இவரு மொதல்ல மிதிச்சது. முந்தாவருசத்துக்கு முந்தின ஐப்பசியில கழத்திட்டு இருபது மாட்டினேன். இடது பெடல் ரப்பர் தேயவே இல்ல சார். வலது மட்டுந்தான் தேஞ்சு இருந்துது. அடுத்த வருசம் ஆடி கழிஞ்சு இருபதுக்கு இருபத்திரண்டு. அதுக்கு மேல இங்க சாமான் கெடைக்காது. அதான் அந்தக் கியர் சைக்கிளு."

டாக்டருக்குப் புரிவதற்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் இல்லை. சர்வீஸ் இல்லை. இவர் கால் ஒரு பிடி இறங்க இறங்க, அண்ணாச்சி இரண்டு பல்லைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறார். மிதி கனத்தால்தானே இவர் சந்தேகப்படுவார்? கனக்கவே விடவில்லை.

"அப்ப மூணு வருஷமா மெதுவா வளர்ந்திருக்கு. கெட்ட கட்டியா இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. "நரம்பும் மூணு வருஷமா நசுங்கியிருக்கே. முதல் வருஷமே வந்திருந்தா கால் முழுசாத் திரும்பியிருக்கும். ஏங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குல்ல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அண்ணாச்சி சட்டைப் பையில் கையை விட்டார். நட்டு இல்லை போலிருக்கிறது. கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

வராந்தாவில் எனக்கு டீ வாங்கிக்கொண்டுவந்து நீட்டினார். வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டேன். ஆறி ஆடை படிகிற வரைக்கும் அவரும் அங்கேயே நின்றார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கெட்ட கட்டி இல்லை. இரண்டு மாதம் கழித்து மேலகரம் வந்தோம். வலதுகால் பரவாயில்லை. இடதுகால் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தது. கம்பு ஊன்றி வாசல் வரை நடப்பார். வந்து நடையில் உட்கார்ந்துகொண்டால் எதிர்க்கடையைப் பார்த்துச் சிரிப்பார், கையைத் தூக்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவரப் பாத்து எப்படிச் சிரிக்கிய? ஒங்க காலக் கெடுத்த மனுசன்."

"அவரு எங்கட்டி கெடுத்தாரு? மூணு சீசன் ஐந்தருவிக்கு ரெண்டு டின்னோட ஏறினேன். காலு போயிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சா ஏறியிருப்பனா? பயந்துபோயி வீட்டுல கெடந்திருப்பேன்."

"வீட்டுல கெடந்திருக்க மாட்டீய. ஆஸ்பத்திரியில கெடந்திருப்பிய. நல்ல காலோட எந்திச்சு வந்திருப்பிய."

அவர் கம்பைப் பக்கத்தில் சாய்த்துவைத்தார். பிறகு சொன்னார், "செருப்பு போனத நீயும் பாத்தல்லாட்டி."

பாத்தேன். ஆனால் நான் பார்த்ததற்கும் அண்ணாச்சி பார்த்ததற்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான் தெரியாமல் பார்த்தேன். அவர் தெரிந்து பார்த்தார். இலத்தூர்ப் பெண் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தாரே, எங்கள் வீட்டிலும் மூன்று வருஷம் அதைத்தான் செய்திருக்கிறார். அன்றைக்கு, பாவம் எளகின மனசு என்று நினைத்தவள்தான் நான்.

அடுத்த வைகாசி. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். இவர் நிலைகொள்ளாமல் இருந்தார். காலையில் ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, கம்பை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஒரு எட்டு அண்ணாச்சிட்ட கேட்டுட்டு வா."

"என்னத்தக் கேக்க?"

"இந்தச் சீசனுக்கு இல்லாட்டாலும் அடுத்த சீசனுக்கு நான் மிதிச்சிருவேனான்னு. டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. என் காலு அவருக்குத்தான் தெரியும்."

போகமாட்டேன் என்றுதான் நினைத்தேன். மதுரையிலிருந்து வந்த பிறகு நான் அந்த ரோட்டைக் கடக்கவே இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுளகை இறக்கி வைத்துவிட்டுப் போனேன்.

கடைக்குள் அந்தக் கியர் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. தூசி இல்லை. செயினில் புது எண்ணெய் மினுங்கியது. அண்ணாச்சி என்னைக் கண்டதும் எழுந்தார். எழும்போதே கை டப்பாவுக்குள் போய், நட்டு வாய்க்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினாறு பல்ல எதுக்கு வச்சிய? இருபத்தெட்டு மட்டும் போதும்லா. அவுக இன்னும் ஒரு வருசம் தெரியாமலே ஓட்டியிருப்பாக. தெரியட்டும்னு வச்சியளா, இல்ல சக்கரக் கணக்குக்கு வச்சியளா?"

"ம்..."

"அந்த நட்டத் துப்புங்க."

எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பதினாறை எதற்கு வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரி, அது கெடக்கட்டும். அவுக கேட்டுட்டு வரச் சொன்னாக. இனி அவுக சைக்கிள் மிதிப்பாகளா?"

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். இவர் அங்கே வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்து..." என்று ஆரம்பித்தார்.

"அந்தச் சொல்லு வேண்டாம் அண்ணாச்சி. அதச் சொல்லிச் சொல்லித்தான் மூணு வருசம் போச்சு. உள்ளது என்னமோ அத வாயால சொல்லுங்க."

ஒரு பஸ் போயிற்று. அதன் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தவர் போல இருந்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். பத்து வருஷத்தில் அப்படி அவர் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

"மாட்டாரு, தங்கச்சி."

கேட்டு வாங்கினேன். அடித்துப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அது கிடைத்த உடனே, அதைச் சொன்ன மனுஷனை அதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாக வெறுத்தேன். அந்தக் கண்ணையும் உதட்டையும் பார்க்க முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

எங்கள் ரோடு அகலமே இல்லை, பத்து எட்டில் கடந்துவிடலாம். நான் வர வர, இவர் கம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். இடதுகால் அவருக்குத் தெரியாமல் பின்னால் மடங்கிக் கிடந்தது. செருப்பு படிக்குக் கீழே விழுந்திருந்தது.

"என்னட்டி சொன்னாரு?"

குனிந்து செருப்பை எடுத்தேன். அவர் காலை நிமிர்த்தி, அதில் மாட்டிவிட்டேன்.

"பாத்துக்கிடலாம்னாரு" என்றேன்.

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

திரும்பிப் பார்த்தேன். அங்கே அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நட்டு வாய்க்குத் திரும்பியிருந்தது.

"ஒரு தடவைதான்" என்றேன்.